ஒப்புமை சான்றாகுமா? மீக்குளிர் அணுக்களும் அளவையியலும்

கருவிக்கு எட்டாத ஒரு பொருளைப் பற்றி, அதைப் போல நடந்துகொள்ளும் வேறொரு பொருளைச் சோதித்துத் தெரிந்துகொள்ள முடியுமா என்பது மெய்யியலின் பழைய கேள்விகளுள் ஒன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கேள்வியை இயற்பியல் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவை மீக்குளிர் அணுக்கள். ரூபிடியம், லித்தியம், ஸ்ட்ரான்சியம் முதலிய தனிமங்களின் அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகே குளிர்வித்து, வெற்றிடத்தில் லேசர் ஒளியாலும் காந்தப்புலத்தாலும் பிடித்து வைக்கும் நுட்பம் இது. இதனால் அறிவியலுக்குக் கிடைக்கும் பயன் இரு வகைப்படும். ஒருவகைச் சோதனைகளில் அணுக்கள் அளவுகோலாகின்றன. நேரத்தையும் புவியீர்ப்பையும் நிலத்தடி நீரின் வயதையும் அளந்து சொல்கின்றன. இன்னொரு வகையில் அவை வேறொன்றின் இடத்தில் நிற்கும் பதிலிகள்: மீக்கடத்தியின் எலக்ட்ரான்களுக்கும், நியூட்ரான் விண்மீனுக்கும், கருந்துளைக்கும் பதிலாக அவற்றைச் சோதிக்கிறார்கள். அளவுகோல் தரும் அறிவும் பதிலி தரும் அறிவும் ஒரே தரத்தவையா?

முதலில் நுட்பத்தைப் பார்க்கலாம். நகரும் அணுவின் எதிரே அதற்கேற்ற அலைநீளத்தில் லேசரைப் பாய்ச்சினால், அணு விழுங்கும் ஒவ்வொரு ஒளித்துகளும் அதைச் சிறிது பின்னுக்குத் தள்ளும். ஆறு திசைகளிலிருந்தும் பாய்ச்சினால் அணு எப்பக்கம் போனாலும் தடைதான். வேகம் குறைந்தால் வெப்பநிலை குறைகிறது. 1985இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஸ்டீவன் சூவின் குழு சோடியம் அணுக்களை இப்படி ஒரு கெல்வினின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. வில்லியம் ஃபிலிப்ஸ் அளந்தபோது, கோட்பாடு வகுத்த எல்லைக்கும் கீழே அணுக்கள் குளிர்ந்திருந்தன. அதற்குக் காரணம் கண்டவர்களுள் முதன்மையானவர் குளோட் கோஹன்-தனூஜி. மூவரும் 1997இல் நோபல் பரிசு பெற்றனர். சூடான அணுக்களை மட்டும் ஆவியாக வெளியேறவிட்டு எஞ்சியவற்றை இன்னும் குளிர்விக்கும் முறையும் இதனோடு சேர்ந்தது. 1995 ஜூன் 5 அன்று கொலராடோவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ஏறத்தாழ 2,000 ரூபிடியம் அணுக்களை 170 நானோகெல்வின் அளவுக்குக் குளிர்வித்து, அவை யாவும் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்து நிற்பதைக் கண்டார்கள். இதுதான் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள். 2021இல் ஜெர்மனியின் பிரேமன் நகரில், பொருள்களை உயரத்திலிருந்து விழவிட்டுச் சோதிக்கும் கோபுரத்தில் எட்டிய வெப்பநிலை 38 பிக்கோகெல்வின்.

விண்வெளியின் பின்னணிக் கதிர்வீச்சே 2.7 கெல்வின் சூட்டில் இருக்கிறது. ஆகவே இந்தச் செறிபொருள் இயற்கையில் தானாக எங்கும் கிடைப்பதாகத் தெரியவில்லை. இது மனிதர் உண்டாக்கியது. ஆய்வகம் நிகழ்வுகளைக் கண்டெடுப்பதைவிட உண்டாக்குகிறது என்று 1983இல் கனடிய மெய்யியலாளர் இயன் ஹாக்கிங் எழுதினார். அவர் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. உண்டாக்கிய ஒன்று, தானாகவே இருக்கும் ஒன்றைப் பற்றி என்ன சொல்ல முடியும் என்ற ஐயமும் அதிலிருந்தே பிறக்கிறது.

இந்த ஐயத்தை எடுத்துப் பேசத் தமிழில் ஆயத்தமான சொற்களும் வகுப்புகளும் உண்டு. எது அறிவு, அது எவ்வழியே வருகிறது என்று வரையறுப்பது அளவையியல். மணிமேகலையின் 27ஆம் காதையில் வரும் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான்; காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று அவன் வரிசை தொடங்குகிறது. 29ஆம் காதையில் அறவண அடிகள் அந்தப் பத்தையும் காட்சி, கருத்து என்ற இரண்டாகச் சுருக்குகிறார். உவமை உட்பட மற்றவையெல்லாம் கருத்தளவைக்குள், அதாவது அனுமானத்துக்குள், அடங்கிவிடும் என்பது அவர் முடிவு. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் அளவை ஆறு என்போரையும் அதற்கு மேலும் சொல்வோரையும் குறிப்பிட்டு, காண்டல், கருதல், உரை ஆகிய மூன்றிலேயே எல்லாம் அடங்கும் என்கிறார். அங்கும் ஒப்பு தனி அளவையாகத் தேறவில்லை. பௌத்தமும் சைவமும் வேறு எதில் முட்டிக்கொண்டாலும் இதில் ஒரு பக்கமே நிற்கின்றன.

எதிர்ப்பக்கம் நிற்பவர்கள் நியாய மரபினர். உவமானம் தனி அளவையே என்பது அவர்கள் கொள்கை. கவயமா என்ற காட்டு விலங்கு பசுவைப் போல இருக்கும் என்று ஊரில் கேட்டறிந்த ஒருவன் காட்டுக்குப் போகிறான். பசுவைப் போன்ற விலங்கொன்றைப் பார்க்கிறான். கவயமா என்பது இதுதான் என்று அறிகிறான். இந்த அறிவு காட்சியால் மட்டும் வந்ததும் இல்லை, அனுமானத்தால் வந்ததும் இல்லை என்பது அவர்கள் வாதம். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. பின்னால் இது பெரிதும் உதவும். உவமானத்தை ஏற்பவரின் எடுத்துக்காட்டிலும் அவன் காட்டுக்குப் போகிறான், விலங்கை நேரில் பார்க்கிறான்.

அறவண அடிகள் காட்டும் அனுமானத்தின் உறுப்புகளையும் நினைவில் கொள்ள வேண்டும். இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம்; புகை இருப்பதால் என்பது ஏது; அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த அனுமானம் நிற்க இரண்டு தேவை. புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டு என்ற விதி பிழையற்றதாக இருக்க வேண்டும். அந்த மலையில் எழுவது உண்மையிலேயே புகைதான் என்பதும் உறுதியாக வேண்டும். அடுக்களையை எத்தனை முறை சோதித்தாலும் முதலாவதுதான் வலுப்பெறும். இரண்டாவதைத் தெரிந்துகொள்ள மலையைத்தான் பார்க்க வேண்டும்.

அணுக்கள் அளவுகோலாகும் சோதனைகளில் முதலில் வருவது கடிகாரம். 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகள். டோக்கியோவின் ஹிடெடோஷி கட்டோரி 2001இல் முன்வைத்த யோசனைப்படி, குளிர்ந்த ஸ்ட்ரான்சியம் அணுக்களை லேசர் பின்னலில் பிடித்து வைத்து அவற்றின் ஒளி அதிர்வை எண்ணும் கடிகாரங்கள் பின்னர் வந்தன. இன்றைய சிறந்த கடிகாரங்கள் பிரபஞ்சத்தின் வயது முழுக்க ஓடினாலும் ஒரு நொடி பிசகாத துல்லியம் கொண்டவை. புவியீர்ப்பு மிகுந்த இடத்தில் காலம் மெதுவாக ஓடும் என்ற ஐன்ஸ்டைனின் கணிப்பை, டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தின் அடியிலும் 450 மீட்டர் உயரத்திலும் இரு கடிகாரங்களை வைத்து ஒப்பிட்டு 2020இல் சரிபார்த்தார்கள். 2022இல் போல்டரில் ஜுன் யேயின் குழு அந்த வேறுபாட்டை ஒரு மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரே அணுத்திரளுக்குள் அளந்தது. கடல்மட்டத்தையும் நில உயரத்தையும் கடிகாரத்தால் அளக்கும் புவியளவைத் துறை இதிலிருந்து முளைத்து வருகிறது.

குளிர்ந்த அணுவைக் கீழே விழவிட்டு, லேசர் துடிப்புகளால் அதன் அலையை இரண்டாகப் பிரித்து மீண்டும் சேர்த்தால், புவியீர்ப்பின் அளவு அலைக்கோலத்தில் பதிவாகும். மார்க் கசேவிச்சும் சூவும் 1991இல் இதைச் செய்துகாட்டினர். பின்னர் இத்தாலியின் எட்னா எரிமலையில் இத்தகைய கருவி மாக்மாவின் நகர்வைக் கவனிக்கப் பயன்பட்டது. 2022இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகக் குழு சாலைக்கடியில் இருந்த 2 மீட்டர் அளவுள்ள சுரங்கப்பாதையை இதே வழியில், தோண்டாமலே, கண்டது.

நீரின் வயதை அளக்கும் முறையைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது. காட்சியும் கருதலும் எவ்வளவு நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன என்பது அங்கே தெளிவாகத் தெரியும். விண்கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதுவதால் கிரிப்டான்-81 என்ற கதிரியக்க ஓரிடத்தான் உண்டாகிறது. காற்றில் உள்ள கிரிப்டானே பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அந்தக் கிரிப்டானிலும் லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று என்ற அளவுக்கும் குறைவாகவே கிரிப்டான்-81 இருக்கிறது. மழைநீரில் கரைந்து மண்ணுக்குள் இறங்கியதும் அதற்குக் காற்றோடு தொடர்பு அறுந்துபோகிறது. அதன்பின் 2,29,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதி பாதியாகச் சிதைகிறது. எஞ்சியிருப்பதை எண்ணினால் நீர் எப்போது மண்ணுக்குள் போனது என்று தெரிந்துவிடும். ஆனால் இவ்வளவு அரிதான அணுவை எப்படி எண்ணுவது?

அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஜெங்-தியான் லூவின் குழு 1999இல் வெளியிட்ட முறை இதுதான்: நீரிலிருந்து பிரித்தெடுத்த கிரிப்டானை லேசர் பொறிக்குள் பாய்ச்ச வேண்டும். ஒவ்வொரு ஓரிடத்தானும் சற்றே வேறுபட்ட அலைநீளத்தில் ஒளியை விழுங்கும். லேசரைக் கிரிப்டான்-81க்குப் பொருத்திவிட்டால் அது மட்டும் வேகம் தணிந்து பொறியில் சிக்கும். மற்றவை கண்டுகொள்ளப்படாமல் கடந்து போகும். சிக்கிய அணு லேசர் ஒளியை விடாமல் விழுங்கி உமிழ்வதால் ஒளிரும். ஒற்றை அணு, தன்னந்தனியாக, கேமராவில் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்படி ஒவ்வொன்றாக எண்ணியே, எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் நூபிய மணற்பாறை அடுக்கின் நீருக்கு இரண்டு லட்சம் முதல் பத்து லட்சம் ஆண்டுவரை வயது என்று 2004இல் கணித்தனர். அண்டார்க்டிகாவின் டெய்லர் பனியாற்றில் 1,20,000 ஆண்டு பழைய பனி இருப்பது 2014இல் இதே முறையால் உறுதியானது.

ஒற்றை அணு ஒளிர்வதைப் பார்ப்பது காட்சி. அந்நீர் பத்து லட்சம் ஆண்டு பழையது என்பது கருதல். மழை பெய்த காலத்தில் காற்றில் கிரிப்டான்-81 எவ்வளவு இருந்தது, சிதைவு வேகம் மாறவில்லையா, பாறை அடுக்கில் வேறு நீர் கலக்கவில்லையா என்ற மூன்றும் அந்தக் கருதலுக்குள் புதைந்திருக்கின்றன. ஆனால் இவை ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கலாம். ஏது அந்த நீரிலேயே, அந்தப் பனியிலேயே இருக்கிறது. அளக்கப்படும் பொருளின் ஒரு துண்டு கைக்கு வந்துவிட்டது.

எல்லா அளவுகோல் சோதனைகளுக்கும் அடியில் கிடக்கும் நம்பிக்கை, ஓர் அணுவுக்கும் அதே வகை இன்னோர் அணுவுக்கும் எவ்வித வேறுபாடும் இல்லை என்பது. டோக்கியோவின் ஸ்ட்ரான்சியமும் போல்டரின் ஸ்ட்ரான்சியமும் ஒரே கதியில் அதிர்ந்தால்தான் இரு கடிகாரங்களை ஒப்பிடுவதில் பொருளுண்டு. மெய்யியலுக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. எல்லாவகையிலும் ஒத்த இரு பொருள்கள் இருக்கவே முடியாது என்றவர் லைப்னிட்ஸ். கணாதர் வழிவந்த வைசேடிகர், அணுக்கள் குணத்தால் ஒத்திருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய விசேடம் ஒன்று உண்டு, அதனால்தான் அவை பலவாக இருக்கின்றன என்றனர். 1924இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து சத்தியேந்திர நாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரை இந்த இரு கொள்கைகளுக்கும் எதிரான எண்ணல் முறை ஒன்றைக் கையாண்டது. இரு ஒளித்துகள்கள் இடம் மாறினால் அதைப் புதிய நிலையாக எண்ணக் கூடாது என்பது அதன் சாரம். ஐன்ஸ்டைன் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து வெளியிட்டு, அணுக்களுக்கும் விரித்தார். அப்படி எண்ணினால் போதிய குளிரில் எல்லா அணுக்களும் ஒரே நிலையில் திரள வேண்டும் என்று கணக்கு சொன்னது. எழுபது ஆண்டு கழித்துப் போல்டரில் அவை அப்படியே திரண்டன. துகள்களுக்கு விசேடம் இருந்திருந்தால் எண்ணல் வேறாகியிருக்கும், செறிபொருள் உண்டாகியிருக்காது. மெய்யியல் கோட்பாடு ஒன்றின் மேல் ஆய்வகம் இவ்வளவு நேராகக் கை வைத்த இடங்கள் குறைவு.

ஆனால் அளவுகோல் என்பதாலேயே ஐயத்துக்கு அப்பாற்பட்டது ஆகிவிடாது. மின்காந்த விசையின் வலிமையைக் குறிக்கும் நுண்கட்டமைப்பு மாறிலியைக் குளிர்ந்த அணுக்களின் பின்னுதைப்பிலிருந்து கணக்கிடலாம். 2018இல் பெர்க்லியில் சீசியத்தைக் கொண்டு அளந்தார்கள். 2020இல் பாரிஸில் ரூபிடியத்தைக் கொண்டு அளந்தார்கள். அந்த மாறிலியின் தலைகீழ் மதிப்பு பெர்க்லி கணக்கில் 137.035999046, பாரிஸ் கணக்கில் 137.035999206. புள்ளிக்குப் பின் ஏழாவது இலக்கத்தில் இரண்டும் பிரிகின்றன. அற்பமான வேறுபாடாகத் தோன்றலாம். ஆனால் இரு குழுக்களும் தெரிவித்த பிழை வரம்பைச் சேர்த்துப் பார்த்தாலும் இடைவெளி அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். இரண்டும் ஒருசேரச் சரியாக இருக்க வழியில்லை. எங்கோ ஒரு கருவியில் கண்டறியப்படாத பிழை இருக்கிறது. காட்சியளவையை ஏற்ற மரபுகள் எல்லாமே திரிபுக் காட்சியையும் விவாதித்தன; அது இக்காலத்துக்கும் பொருந்துகிறது. இங்கே ஆறுதல் என்னவென்றால், இந்த முரண்பாட்டை மூன்றாவது, நான்காவது அளவீட்டால் தீர்க்க முடியும். பதிலிச் சோதனைகளுக்கு அந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை.

பதிலிகளுக்கான தேவை கணக்கின் சுமையிலிருந்து எழுந்தது. இரண்டே நிலைகளை ஏற்கக்கூடிய 300 துகள்களின் குவாண்டம் நிலையை முழுதாக எழுதிவைக்க, காணக்கூடிய பிரபஞ்சத்தின் அணுக்களைவிட அதிகமான எண்கள் வேண்டும். எந்தக் கணினிக்கும் அது ஆகாத காரியம். குவாண்டம் இயற்கையைப் போலச் செய்துகாட்டக் குவாண்டம் பொருளாலான கருவியே வேண்டும் என்று 1981இல் ரிச்சர்ட் ஃபைன்மன் ஓர் உரையில் வாதிட்டார். 2002இல் மியூனிக்கில் மார்க்கஸ் கிரைனர், இம்மானுவேல் புளோக் ஆகியோர் அடங்கிய குழு ரூபிடியம் அணுக்களை லேசர் பின்னலில் வைத்து, தடையின்றிப் பாயும் நிலையிலிருந்து அசையாமல் உறையும் நிலைக்கு மாற்றியது. திண்மப் பொருளின் இயற்பியலை ஒரு வாயுவில் செய்துகாட்டிய அந்தச் சோதனையோடு இத்துறை வேகம் பிடித்தது.

இதில் மிகுந்த உழைப்பைப் பெற்றது ஹப்பர்ட் மாதிரி. ஜான் ஹப்பர்ட் 1963இல் அமைத்த இந்தச் சமன்பாட்டில் எலக்ட்ரான் ஒரு தளத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும், ஒரே தளத்தில் இரண்டு சேர்ந்தால் ஒன்றையொன்று விலக்கும், அவ்வளவுதான். ஆனால் 1986இல் கண்டறிந்த தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளின் புதிர் இதற்குள் இருக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள். படிகத்தில் அணுக்களின் இடைவெளி ஒரு நானோமீட்டருக்கும் குறைவு. லேசர் பின்னலில் அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு பெரிது; எனவே நுண்ணோக்கியால் ஒவ்வோர் அணுவும் எந்தத் தளத்தில் நிற்கிறது என்று படமெடுக்கலாம். 2017இல் ஹார்வர்டில் கிரைனரின் குழு லித்தியம் அணுக்களைப் பின்னலில் வைத்து, அண்டை அணுக்களின் சுழற்சி ஒன்றுக்கொன்று எதிராக ஒழுங்குபடுவதைத் தளம் தளமாகக் காட்டியது. தாமிர ஆக்சைடுகளிலும் அதே ஒழுங்குமுறை உண்டு.

இந்தச் சோதனை எதை மெய்ப்பிக்கிறது? ஹப்பர்ட் விதிகள் நிலவும் இடத்தில் இந்த ஒழுங்கு தோன்றும் என்பதை. அடுக்களையில் விதி உறுதியாகிவிட்டது. தாமிர ஆக்சைடு ஹப்பர்ட் விதிப்படிதான் நடக்கிறதா என்பதை லித்தியம் சொல்லாது. அதைத் தாமிர ஆக்சைடையே எடுத்து, நியூட்ரான்களைச் சிதறவிட்டும் ஒளியால் எலக்ட்ரான்களைப் பெயர்த்தும் பார்க்க வேண்டும். பார்க்கலாம், பொருள் கையில் இருக்கிறது. இங்கு பதிலியும் மூலமும் இரண்டுமே சோதனைக்கு உட்படுவதால் அனுமானம் இரு காலில் நிற்கிறது.

நியூட்ரான் விண்மீனைக் கையில் எடுக்க முடியாது. இருந்தும் லித்தியம் வாயு அதைப் பற்றிப் பேசத் தகுதி பெறுகிறது. லித்தியம்-6 அணுக்களின் இடையீட்டைக் காந்தப்புலத்தால் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அணுக்களின் தனித்தன்மைகள் எல்லாம் கணக்கிலிருந்து உதிர்ந்து, துகள்களுக்கிடையே உள்ள தூரம் மட்டுமே எஞ்சும். அந்நிலையில் வாயுவின் ஆற்றல், இடையீடே இல்லாத வாயுவின் ஆற்றலில் ஒரு நிலையான பங்காக இருக்கும். 2012இல் எம்.ஐ.டி.யில் அந்தப் பங்கு 0.376 என்று அளந்தார்கள். நியூட்ரான்களும் ஒன்றையொன்று ஏறக்குறைய அப்படியே பாதிக்கின்றன. அடர்த்தியில் இரண்டுக்கும் 25 சுழிகள் அளவுக்கு வேறுபாடு இருக்கலாம். ஆனாலும் ஒப்புமை தோற்றத்திலிருந்து வந்ததல்ல. குவாண்டம் விதிகளிலிருந்து வருவிக்கப்பட்டது. நியூட்ரான்கள் அந்த விதிகளுக்கு உட்பட்டவை என்பது பூமியிலுள்ள ஆய்வகங்களில் தனியே உறுதியானது. மலையைத் தொடாமலே, அங்கு எழுவது புகைதான் என்பதற்கு வேறு சான்று உண்டு. அதற்கும் எல்லை உண்டு: அடர்த்தி குறைந்த மேலோட்டுப் பகுதிக்கு மட்டுமே ஒப்புமை செல்லும், விண்மீனின் உட்கருவுக்குச் செல்லாது.

இதே வரிசையில் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரும் வருகிறது. வெண்குறு விண்மீனைச் சரிந்துவிடாமல் தாங்குவது, ஒரே நிலையில் இரு எலக்ட்ரான்கள் இருக்க முடியாததால் உண்டாகும் அழுத்தம். அதன் எல்லையை அவர் 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்கையில் கணக்கிட்டார். 2001இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குளிர்ந்த லித்தியம்-6 திரள் ஓரளவுக்கு மேல் சுருங்க மறுத்தது. மறுத்ததற்குக் காரணம் அதே வகை அழுத்தம்தான்.

மாறாக, விளைவு ஒத்திருந்தும் காரணம் ஒவ்வாத இடமும் உண்டு. 2002இல் டியூக் பல்கலைக்கழகத்தில் விடுவிக்கப்பட்ட லித்தியம் திரள், நீளவாக்கில் விரியாமல் அகலவாக்கில் விரிந்தது. பாகுநிலை மிகக் குறைந்த பாய்மத்தின் இயல்பு அது. லட்சம் கோடி டிகிரிக்கு மேல் சூடான குவார்க்–குளுவான் குழம்பும் துகள் மோதிகளில் இதேபோல விரிகிறது. இந்த ஒற்றுமை பலரைக் கவர்ந்தது. ஆனால் இரண்டின் அடிப்படைச் சமன்பாடுகளும் வேறு. ஒன்றிலிருந்து மற்றதை வருவிக்கும் பாலம் இல்லை. ஆராய்ச்சிக்கு நல்ல தூண்டுதல் என்று இதை மதிக்கலாம். சான்று என்று சொன்னால் திட்டாந்தப் போலியாகிவிடும்.

கடினமான வழக்கு கருந்துளை. கருந்துளைகள் கதிர்வீசும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974இல் கணித்தார். சூரியனளவு நிறையுள்ள கருந்துளைக்கு அந்த வெப்பநிலை ஏறத்தாழ 60 நானோகெல்வின். சுற்றியுள்ள பின்னணிக் கதிர்வீச்சு அதைவிட நான்கு கோடி மடங்குக்கு மேல் சூடானது. தொலைநோக்கியால் இதைப் பார்க்கும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். ஒலியைவிட வேகமாகப் பாயும் பாய்மத்திலிருந்து ஒலி எதிர்நீச்சல் போட்டு வெளியேற முடியாது, எனவே அங்கும் ஒரு விளிம்பு உண்டாகும், அவ்விளிம்பும் ஹாக்கிங் கணக்கின்படியே ஒலித்துகள்களை உமிழ வேண்டும் என்று 1981இல் வில்லியம் அன்ரூ காட்டினார். ஹைஃபாவின் டெக்னியன் நிறுவனத்தில் ஜெஃப் ஸ்டைன்ஹவர் ரூபிடியம் செறிபொருளை அப்படிப் பாயவிட்டார். விளிம்பின் இருபுறமும் பிறக்கும் ஒலித்துகள்கள் ஜோடி ஜோடியாக ஒன்றோடொன்று தொடர்புற்றிருப்பதை ஆயிரக்கணக்கான முறை படமெடுத்து 2016இல் அறிவித்தார். தரவை வாசித்த விதத்தில் சில இயற்பியலாளர் குறை கண்டனர். 2019இல் அவர் குழு வெளியிட்ட மேம்பட்ட அளவீட்டில் கதிர்வீச்சின் வெப்பநிலையும் கணிப்போடு ஒத்தது.

இதனால் கருந்துளை கதிர்வீசுகிறது என்பது உறுதிப்பட்டதா என்று மெய்யியலாளர்கள் மோதிக்கொண்டார்கள். 2017இல் ராடின் தர்தஷ்டி, கரீம் தெபோ, எரிக் வின்ஸ்பெர்க் மூவரும் ஓரளவு உறுதிப்பட்டது என்றனர். ஹாக்கிங் விளைவு பொருளின் நுண்கட்டமைப்பைச் சார்ந்ததல்ல என்று காட்டும் பொதுமை வாதங்கள் பாய்மத்துக்கும் கருந்துளைக்கும் பொருந்தும். எனவே ஒன்றில் கிடைத்த வெற்றி மற்றதன் மீதுள்ள நம்பிக்கையைக் கூட்டும் என்பது அவர்கள் வாதம். கேரன் கிரௌதர், நீல்ஸ் லின்னெமன், கிறிஸ்டியன் வூட்ரிச் மூவரும் இதை மறுத்தனர். கருந்துளை அந்தச் சமன்பாடுகளுக்கு உட்பட்டது என்பதே கேள்வி. அதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால்தான் பாய்மச் சோதனை கருந்துளையைப் பற்றிப் பேசும். மெய்ப்பிக்க வேண்டியதை எடுகோளாக்கும் பிழை இது என்றார்கள்.

மறுத்தவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது. அறவண அடிகள் காட்டிய உறுப்புகளில் வைத்துப் பார்த்தால் பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டலாம். இன்ன சமன்பாடு நிலவினால் கதிர்வீச்சு உண்டு என்ற விதியை ஸ்டைன்ஹவர் அடுக்களையில் உறுதிசெய்தார். இது சிறிய காரியமல்ல. நுண்ணளவில் சமன்பாடு சற்றுப் பிசகினாலும் விளைவு நிலைக்குமா என்ற உண்மையான ஐயத்துக்கு அது விடை தந்தது. கருந்துளையின் விளிம்பில், யாரும் சோதித்திராத நுண்ணளவுகளில், காலவெளி அந்தச் சமன்பாட்டின்படி நடக்கிறதா என்பதற்கு ரூபிடியம் சாட்சி சொல்ல முடியாது. உவமானத்தைத் தனி அளவையாக ஏற்கும் நியாய மரபும் இங்கே கைகொடுக்காது; அவர்களுடைய மனிதன் காட்டுக்குப் போய்க் கவயமாவை நேரில் பார்த்தான், இந்தக் காட்டுக்கு இன்னும் யாரும் போகவில்லை. 2022இல் ஹைடல்பெர்க்கில் பொட்டாசியம் செறிபொருளில் விரியும் பிரபஞ்சத்தைப் போலச் செய்துகாட்டியதற்கும், 2024இல் இத்தாலியின் ட்ரென்டோவில் சோடியத்தில் போலி வெற்றிடத்தின் சிதைவைக் காட்டியதற்கும் இதே தீர்ப்பு பொருந்தும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எல்லாச் சோதனையும் இப்படித்தானே, பாரிஸின் ரூபிடியத்தை அளந்துவிட்டு எல்லா ரூபிடியத்தையும் பற்றிப் பேசுவதும் பாயும் அனுமானம்தானே என்று கேட்கலாம். பாய்ச்சல் இரண்டிலும் உண்டு என்பது சரி. ஆனால் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ஒளியில் இங்குள்ள அணுக்களுக்கு உரிய அதே நிறமாலைக் கோடுகள் தெரிகின்றன. அந்த மலையில் எழுவது புகைதான் என்று ஒளியே வந்து சொல்கிறது. கருந்துளை விளிம்பிலிருந்து அப்படி ஒரு செய்தி இதுவரை வரவில்லை. வேறுபாடு பாய்ச்சலின் நீளத்தில் இல்லை. மறுகரையில் கால் ஊன்ற ஏதாவது இருக்கிறதா என்பதில் இருக்கிறது.

ஆகவே மீக்குளிர் அணுச் சோதனை பற்றிய ஒவ்வொரு செய்தியையும் படிக்கும்போது இரண்டைப் பிரித்துக் கேட்க வேண்டும்: சோதிக்கப்பட்டது விதியா, அந்த விதி மூலப்பொருளுக்குப் பொருந்துவதா? நூபிய நீரிலும் தாமிர ஆக்சைடிலும் இரண்டுக்கும் விடை தேடலாம். நியூட்ரான் விண்மீனின் மேலோட்டில் இரண்டாவதற்கு வேறு வழியில் விடை வருகிறது. கருந்துளையில் முதலாவதற்கு மட்டுமே விடை கிடைத்திருக்கிறது. ஹைஃபாவின் செறிபொருள் மெய்ப்பித்தது அன்ரூவின் கணிப்பை. ஹாக்கிங்கின் கணிப்பு இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.